குறைமாதக் குழந்தையும் ஒருநாள் அவகாசமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாதர் பகுதியில், நம்மவராகிய குழந்தை வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும், விவாகச் செலவைச் சுருக்குவது குறித்தும், நம் இளைஞர் புகவேண்டிய தொழில்களைக் குறித்தும் வல்லார் பலர் காலை முதல் பேசினார்கள். யான் எடுத்துக்கொண்ட விஷயமோ இன்னும் பிறவாத குழந்தையைப் பற்றியது. மாதம் நிரம்புமுன் பிறக்க நேரும் குழந்தைக்கு, அது வயிற்றில் இருக்கும்போதே தாய் வழியாகச் செலுத்தப்படும் ஓர் ஊசி மருந்து உண்டு. அதன் விலை அற்பம், பயனோ பெரிது. ஆயினும் அது பலிப்பதற்கு வேண்டிய ஒரு பொருள் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதன்று. அப்பொருள் அவகாசம். அதனைக் கொடுப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் வீட்டிலுள்ள நம் கையில் இருக்கிறது. இதனைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழையாது என்று பாட்டிமார் சொல்லக் கேளாதவர் இச்சபையில் இரார். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை குறைவன்று. ஆயினும் இச்சொல் உண்மையன்று. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், கர்ப்ப காலம் 40 வாரம். 37 வாரம் நிரம்புமுன் பிறப்பது குறைப்பிரசவம். தாய் வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருக்குந்தோறும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே செல்லும். எட்டாம் மாதத்துக் குழந்தை ஏழாம் மாதத்துக் குழந்தையினும் உறுதியானதேயன்றி நலிந்ததன்று. இப்பழஞ்சொல்லை நம்பி, எட்டாம் மாதத்திற் பிறந்ததென்று கேட்டவுடனே மனந்தளர்ந்து, முயற்சியைக் கைவிட்ட வீடுகள் உண்டு. அந்தத் தளர்ச்சியே முதலில் ஒழியவேண்டும்.

இஃது எங்கோ ஒரு வீட்டில் எப்போதோ நேருவதும் அன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் மாதம் நிரம்பாமற் பிறந்தன என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டிருக்கின்றனர். அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் நம் இந்திய தேசத்திற் பிறந்தவை.

இக்குழந்தைகளுக்கு முதலில் வரும் ஆபத்து மூச்சில் வருகிறது. கருப்பையினுள் இருக்கும்போது குழந்தையின் சுவாசப்பைகள் நீரால் நிறைந்திருக்கும்; பிராணவாயு நஞ்சுக்கொடி வழியே தாயின் இரத்தத்திலிருந்து வந்து சேரும். பிறந்தவுடன் அந்நீர் வற்றிக் காற்று உட்புகவேண்டும். சுவாசப்பை என்பது ஒரே பை அன்று. கண்ணுக்குப் புலனாகாத சிற்றறைகள் கோடிக்கணக்கிற் கூடியது. அவற்றின் உட்புறம் ஈரமானது. நனைந்த இரண்டு வாழையிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எளிதிற் பிரிகின்றனவோ? ஈரத்தின் இழுப்பு அத்தகையது. மூச்சு வெளியேறும்போதெல்லாம் சிற்றறைகள் அவ்வாறு ஒட்டிக்கொள்ளாதபடி காப்பது, அவற்றின் உட்சுவரிற் சுரக்கும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். பூந்திக்கொட்டையின் நுரை தண்ணீரின் இழுப்பைத் தளர்த்துவதுபோல இப்படலமும் தளர்த்துகிறது. இதனைச் ‘சர்ஃபாக்டன்ட்’ என்பர். இது ஏறக்குறைய 24ஆம் வாரத்திற் சிறிது சிறிதாக உண்டாகத் தொடங்கி, 35ஆம் வாரம் அளவில்தான் போதிய அளவை எட்டும். அதற்குமுன் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப்போலவே வருந்தி இழுக்கிறது. சில மணி நேரத்திற் களைத்துவிடுகிறது.

இந்தப் படலம் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்பதை 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்னும் பெண் மருத்துவரும் ஜியர் மீட் என்பவரும் நிறுவினார்கள். காரணம் தெரிந்ததேயன்றிப் பரிகாரம் அப்போது தெரியவில்லை. 1963 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண்மகவு ஏறக்குறைய ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை 2 கிலோவுக்கு மேல். இன்று அந்த எடையும் அந்த வாரமும் உள்ள குழந்தையை எங்கள் மருத்துவமனைகளிற் கண்டால், தாய்க்கு நம்பிக்கையோடு தைரியம் சொல்வோம். அன்றோ, உலகில் மிகச் செல்வமும் செல்வாக்கும் உடைய வீட்டில், சிறந்த வைத்தியர்கள் சூழ்ந்து நின்றும், அக்குழந்தை 39 மணி நேரமே உயிரோடிருந்தது. பொருள் இருந்தது, மருந்து இல்லை.

நிற்க. அம்மருந்து கிடைத்த வரலாறு, நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில், செம்மறியாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. அங்குள்ள தேசிய மாதர் மருத்துவமனையில் கிரகாம் லிக்கின்ஸ் என்னும் பிரசவ வைத்தியர் இருந்தார். பிரசவ வேளையை நிர்ணயிப்பது தாயா, சேயா என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்னும் ஒரு சத்து ஊறுகிறது. ஸ்டீராய்டு என்னும் வகையைச் சேர்ந்தது. அவர் ஆட்டின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு இவ்வகை மருந்தைச் செலுத்திப் பார்த்தார். குட்டிகள் காலத்திற்கு முன்னரே பிறந்தன. செம்மறியாட்டின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 147 நாள். 117ஆம் நாளிற் பிறந்த ஒரு குட்டி, பிறந்தவுடனே மடிந்திருக்கவேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பின்னர்ப் பரிசோதித்தபோது, அதன் சுவாசப்பையிற் காற்று ஓரளவு புகுந்து விரிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. பிறக்கும் நாள் நெருங்குகையில் சேயின் சுவாசப்பை தானாகவே பெறும் பக்குவத்தை, இம்மருந்து முன்னதாகவே வருவித்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். இதனை 1969இல் எழுதி வெளியிட்டார்.

பின்பு ராஸ் ஹவி என்னும் குழந்தை வைத்தியரோடு சேர்ந்து, குறைப்பிரசவம் நேரும் நிலையிலிருந்த தாய்மாரிடம் சோதனை நடத்தினார். சீட்டுப் போட்டுத் தேர்வதுபோல் ஒரு பாதியினருக்குப் பீட்டாமெதசோன் என்னும் ஸ்டீராய்டும், மறுபாதியினருக்கு வீரியம் மிகக் குறைந்த வேறு மருந்தும் கொடுத்தார்கள். 282 தாய்மாரைப் பற்றிய முதல் அறிக்கை 1972இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் நோய் கண்டது நூற்றுக்கு 9. பெறாதார் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 26. முதல் வாரத்தில் இறந்தவை முறையே நூற்றுக்கு 3, நூற்றுக்கு 15. அதிலும் 32 வாரம் நிரம்பாத குழந்தைகளுள், மருந்து செலுத்தி 24 மணி நேரமேனும் சென்றபின் பிறந்தவற்றுக்கே நோயைத் தடுக்கும் நன்மை தெளிவாகக் கிட்டியது. தாய்மார்களே, இந்த 24 மணி நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் சாரம் அதுவே.

இவ்வளவு தெளிவான பயன் கண்டபின் உலகமெங்கும் உடனே கைக்கொண்டார்கள் என்று எண்ணுவீர்கள். அவ்வாறு நடக்கவில்லை. தாய்க்குக் கிருமிநோய் வருமோ, குழந்தையின் மூளைக்குப் பிற்காலத்திற் கேடு வருமோ என்று அஞ்சி, மிகப் பல வைத்தியர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாளாவிருந்தனர். 1990இல் அயர்லாந்து தேசத்துப் பட்ரீஷியா குரோலி என்னும் பெண் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 12 சோதனைகளைத் திரட்டி ஒன்றாக வைத்துக் காட்டிய பின்னரும் தயக்கம் முற்றும் நீங்கவில்லை. 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் சபை இதனை வற்புறுத்திய பின்னரே வழக்கம் பரவிற்று. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராய்வதற்காக 1993இல் நிறுவப்பட்ட காக்ரேன் கழகத்தார், இச்சோதனைகளுட் சிலவற்றின் முடிவைக் காட்டும் கோடுகளையே தம் சின்னமாகக் கொண்டனர். விளக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதைக்கு அச்சின்னம் சாட்சி. கற்றறிந்த வைத்தியர்களே தயங்கித் தாமதித்தார்கள் என்பதை ஏன் சொல்லுகிறேனென்றால், நாளைக்கு உங்கள் வீட்டில் ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நீங்களும் தயங்குவீர்கள். தயக்கம் இயல்பு. அதற்கு விடையும் சொல்லவேண்டியது என் கடமை.

முதலாவது, இது வருஷக்கணக்காக விழுங்கும் மாத்திரை அன்று. உடற்பயிற்சிக்காரர் தசை பெருக்கச் செலுத்திக்கொள்ளும் மருந்தும் அன்று. பீட்டாமெதசோன் ஆயின் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்சாமெதசோன் ஆயின் 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கொரு தரம் நான்கு ஊசி. அவ்வளவே. வேறு ஸ்டீராய்டு மாத்திரைகள் இதற்கு ஈடாகா; பிரெட்னிசோலோன் போன்றவற்றின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி தடுத்து வீரியமிழக்கச் செய்துவிடும்.

இரண்டாவது, குழந்தையின் வளர்ச்சி. 2020இல் காக்ரேன் கழகத்தார் 27 சோதனைகளை, 11,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பற்றியவற்றை, ஒருங்கே ஆராய்ந்தனர். பிறந்தபின் இறக்கும் குழந்தைகளின் தொகை ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. மூளையினுள் இரத்தம் கசிதல் என்பது குறைமாதக் குழந்தையைப் பிற்காலத்தில் முடமாக்க வல்ல ஆபத்து. அதுவும் பத்தில் நான்கு பங்கு குறைந்தது. அறிவு வளர்ச்சியிற் பின்தங்கும் குழந்தைகளும் குறைவாகவே இருக்கக்கூடும் என்று கண்டனர். எந்த மூளைக்காக வைத்தியர் அஞ்சினரோ, அந்த மூளைக்கே மருந்து காவலாயிற்று. ஆக்லாந்துச் சோதனையிற் பிறந்த குழந்தைகள் 30 வயது அடைந்தபின் அவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது, அறிவாற்றலிலும் மனநலத்திலும் இரு பகுதியினருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. சர்க்கரையை உடல் கையாளும் விதத்தில் மட்டும் சிறு வேறுபாடு தென்பட்டது. ஐம்பது வயதிலும் இருதய நோயில் வேற்றுமை இல்லையென்று பின்வந்த ஆராய்ச்சி கூறிற்று.

மூன்றாவது, நன்மையை மட்டும் சொல்லித் தீமையை மறைத்தல் நேர்மையன்று. மருந்து ஒன்றே ஆயினும், அளவும் காலமும் பிசகினால் கெடுதி உண்டு. 2008இல், 20 தேசங்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. இரண்டு வாரத்திற்கொரு தரம் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் குழந்தைகளுக்கு மேலும் நன்மை விளையவில்லை. எடையும் நீளமும் தலையின் சுற்றளவும் குறைந்தன. 2016இல் அமெரிக்காவில் வெளியான மற்றொன்றில், 34 வாரத்திற்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது மூச்சுத் தொல்லை சிறிது குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தையின் இரத்தச் சர்க்கரை தாழ்வது நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 24 ஆக உயர்ந்தது. பின்லாந்து தேசத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, மருந்து பெற்றும் மாதம் நிரம்பியே பிறந்த பிள்ளைகளிடம் மன, நடத்தைக் கோளாறுகள் சற்று மிகுதி என்று கூறிற்று. அது மருந்தின் விளைவுதானா, மருந்து கொடுக்க நேர்ந்த காரணத்தின் விளைவா என்பதைப் பதிவேட்டால் மட்டும் தீர்மானிக்க இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. வேண்டியபோது தயங்காமற் பெறவேண்டிய மருந்து இது. வேண்டாதபோது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கேட்டு வாங்கவேண்டிய மருந்தன்று.

நம் தேசத்தோடு தொடர்புடைய ஒரு பாடமும் உண்டு. பெல்காம், நாகபுரி உட்பட ஆறு தேசங்களின் ஊர்களில், இம்மருந்தைக் கிராமங்கள்தோறும் பரப்பிப் பார்த்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2015இல் அச்சாயிற்று. மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்திற்கு 24 ஆக இருந்த சாவு 27க்கு மேலாயிற்று. தாய்மாரிடமும் கிருமிநோய் கூடியதாகக் கண்டது. உலகம் திகைத்தது. ஆகவே உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா என்னும் ஐந்து தேசங்களின் 29 மருத்துவமனைகளில் மறுபடியும் சோதித்தனர். இம்முறை வாரக்கணக்கைக் கருவியால் உறுதிசெய்துகொண்டு, 26 முதல் 33 வாரம் வரையுள்ள, பிரசவம் நெருங்கிய 2,852 தாய்மாரை மட்டும் சேர்த்தனர். 2020இல் முடிவு வந்தது. குழந்தைச் சாவு நூற்றுக்கு 23.5 என்பதிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. நன்மை தெளிவானமையால் சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டனர்.

மருந்து அதே மருந்து. ஓரிடத்தில் உதவவில்லை, மற்றோரிடத்தில் உயிர் காத்தது. வேற்றுமை எங்கே? வாரக்கணக்கு சரியாகத் தெரிதல், பிரசவம் ஒரு வாரத்திற்குள் நேருமென்ற நிலை, தாய்க்குக் கிருமிநோய் இல்லாமை, தக்க பிரசவ வசதி, பிறந்தபின் குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதி ஆகிய ஐந்தும் இருக்கவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2022இல் வகுத்தனர். நம் இந்திய அரசாங்கத்தாரும் 2014இலேயே, 24 முதல் 34 வாரம் வரையுள்ளவர்க்கு டெக்சாமெதசோன் கொடுக்கவும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராமச் சுகாதாரச் செவிலியரே செலுத்தவும் வழி வகுத்திருக்கின்றனர்.

இனி ஒரு வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். அது வேறு யார் வீடும் அன்று. என் தமக்கையார் வீடு. அவர் மகளுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து, வழக்கப்படி தாய் வீட்டிற்கு அழைத்து வந்தார்கள். முப்பதாம் வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் அவளுக்குச் சிறிது நீர் கசிந்தது. வலி இல்லை. ‘வலி இல்லாமற் பிரசவம் ஏது? கொஞ்சம் படுத்திரு’ என்றார்கள். காலையில் ராகுகாலம் கழியட்டுமென்றார்கள். நண்பகலில், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமல் எப்படிக் கிளம்புவது என்றார்கள். எனக்குச் செய்தி வந்தது மாலையில். நான் பதறி அனுப்பச் சொல்லி, அவர்கள் மருத்துவமனை சேர்ந்தபோது வலி முற்றியிருந்தது. ஊசி செலுத்தி அரைமணி நேரத்திற் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அதனை இழந்தோம். அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, பணத்திற்குக் குறைவில்லை, வைத்தியனாகிய நான் ஒருவனும் இருந்தேன். காலை முதல் மாலை வரை நழுவவிட்ட பொழுது ஒன்றே குறைவு. நீர் உடைவது வலியில்லாமலும் நேரும் என்பதை என் சொந்தத் தமக்கையாருக்குக்கூட நான் முன்னமே சொல்லி வைக்கவில்லை. அக்குற்றம் என்னுடையது. அதனாற்றான் இன்று உங்களிடம் சொல்லுகிறேன்.

மூன்று ஆண்டு கழித்து அதே பெண்ணுக்கு 31ஆம் வாரத்தில் அடிவயிறு விட்டுவிட்டு இறுகிற்று. ஒருமுறை குறைப்பிரசவம் கண்டவர்க்கு மறுமுறையும் நேரக்கூடும் என்று இம்முறை எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தார்கள். ஊசிகள் முடிந்து ஒருநாள் சென்றபின் குழந்தை பிறந்தது. சில நாள் மூச்சுக் கருவியின் துணை வேண்டியிருந்தது; பின்பு தாயின் மார்பில் அணைத்து, தாய்ப்பாலே புகட்டி வளர்த்தார்கள். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான். ஊசியால் மட்டுமே பிழைத்தான் என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டுச் செய்தியைக் கொண்டு சாஸ்திரம் எழுதலாகாது. ஆனால் ஊசிக்கு வேண்டிய பொழுதை இம்முறை நாங்கள் கொடுத்தோம்.

ஆகவே தாய்மார்களே, நான் வேண்டுவது சிலவே. கடைசி மாதவிலக்கின் தேதியை எழுதி வையுங்கள். முதல் மூன்று மாதத்திற்குள் எடுத்த ஸ்கேன் தாளைப் பத்திரப்படுத்துங்கள். வாரக்கணக்கு இல்லாத வைத்தியம் திசை தெரியாத பயணம். 37 வாரம் நிரம்புமுன் நீர் கசிந்தாலும், இரத்தம் கண்டாலும், வயிறோ இடுப்போ விட்டுவிட்டு இறுகினாலும், தலைவலியும் கண்ணிருட்டும் வந்தாலும், அதே கணம் புறப்படுங்கள். 108 வண்டியை அழையுங்கள். கூடுமானால் குறைமாதக் குழந்தையைப் பேணும் பகுதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். அங்குள்ளவரிடம், ‘குழந்தையின் மூச்சுக்கான ஊசி வேண்டியிருக்குமா?’ என்று கேளுங்கள். முன்பே ஊசி பெற்றிருந்தால் நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். தாய்க்கு நீரிழிவு இருந்தால் அதனையும் தவறாமற் சொல்லுங்கள். ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் வீடுகளில் வளைகாப்புக்குத் தட்டுகள் பல வைக்கிறோம். அத்தட்டுகளுள் ஒன்றில், வளையலோடும் மஞ்சளோடும், ஓர் அட்டையும் இருக்கட்டும். கடைசி மாதவிலக்கின் தேதி, பிரசவத்திற்குக் குறித்த தேதி, போகவேண்டிய மருத்துவமனையின் பெயர், நான் சொன்ன அபாயக் குறிகள் ஆகியவை அதிலிருக்கட்டும். அச்சுக் கூலி சிறிது. அதனைச் சங்கம் ஏற்கவேண்டும். பெண்ணைத் தாய் வீட்டிற்கு அழைத்துவரும் அந்நாளே இரு வீட்டாரும் கூடியிருந்து, ‘அவசரம் நேர்ந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமற் புறப்படலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டும். மங்கல வேளையில் அபசகுனமாகப் பேசலாமோ என்று சிலர் கருதலாம். வருவதை அறிந்து வழி செய்து வைப்பதைவிட மங்கலமான காரியம் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.